ஐபி போன் அமைப்பை ஒப்படைக்கும் முன் சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புதிதாக ஐபி போன் (கணினி நெட்வொர்க் வழியாகப் பேசும் போன்) அமைப்பு போட்டதும் பெரும்பாலானவர்கள் செய்யும் சோதனை ஒன்றுதான். இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு அடித்து, "ஹலோ, கேட்குதா?" என்று கேட்பது. அப்புறம் ஒரு செல்போனுக்கு அடித்துப் பார்ப்பது. இரண்டும் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுக்கும்போது என்ன ஆகும், மதியம் கரண்ட் போய் ஜெனரேட்டர் எழும்போது என்ன ஆகும் என்பதை அந்த ஹலோ சொல்லாது.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்வது நடுத்தர அளவிலான ஓர் அமைப்பு. கோவையில் தலைமை அலுவலகம், 66 எக்ஸ்டென்ஷன். திருப்பூரில் கிளை, 14 எக்ஸ்டென்ஷன். ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளில் ஓடும் பிபிஎக்ஸ் சர்வர் (அழைப்புகளை இணைக்கும் கணினி) கோவையில் இருக்கிறது. வெளி அழைப்புக்கு 30 சானல் சிப் ட்ரங்க், அதாவது சிப் என்ற அழைப்பு விதிமுறையில் ஓடும் வெளி லைன், ஒரே நேரத்தில் 30 அழைப்பு போகும். விற்பனை ஆட்களின் செல்போனில் ஆப், கூடவே வீடியோ மீட்டிங். உங்களிடம் வேறு நிறுவனத்தின் பிபிஎக்ஸ் இருந்தாலும் சோதனையின் வரிசை இதேதான்.

வரிசையை மாற்றாதீர்கள். கரண்ட், கேபிள், நெட்வொர்க், ஒற்றை அழைப்பு, நீண்ட அழைப்பு, சுமை, அப்புறம்தான் வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பது. கீழே ஒன்று ஆடிக்கொண்டிருக்கும்போது மேலே எதைச் சோதித்தாலும் தவறான இடத்தில்தான் காரணம் தேடுவீர்கள். சரியாகக் கிரிம்ப் செய்யாத ஒரு கேபிளுக்காக இரண்டு நாள் கோடெக் (குரலை டேட்டாவாக மாற்றும் முறை) மாற்றிக்கொண்டிருந்த புதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நெட்வொர்க் படம் ஒன்று வேண்டும். எந்த போன் எந்த சுவிட்ச்சில், எந்த போர்ட்டில், எந்த விலானில் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவில்) இருக்கிறது என்பது அதில் தெரிய வேண்டும். கையால் வரைந்தது போதும். ஆனால் உண்மையான நிலையைக் காட்ட வேண்டும்.

ட்ரங்க் தரும் நிறுவனத்திடமிருந்து நான்கு விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை சானல், நொடிக்கு எத்தனை புதிய அழைப்பு அனுமதி, எந்தெந்த கோடெக், எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தால் ஏற்பார்கள். கடைசியாகச் சொன்னது எட்டாவது பகுதியில் மிகவும் தேவைப்படும்.

வயர்ஷார்க் (நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளை, அதாவது டேட்டாத் துண்டுகளை, பிடித்துக் காட்டும் மென்பொருள்) போட்ட இரண்டு லேப்டாப், போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டில் போவதை இன்னொன்றுக்கும் நகல் அனுப்புவது) செய்யக்கூடிய ஒரு சுவிட்ச், அமைப்பின் முழு பேக்கப் ஆகியவற்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. வேறொரு கணினியில் அதை ரீஸ்டோர் செய்து ஒரு அழைப்பாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

சர்வர், சுவிட்ச், ரௌட்டர், போன் எல்லாவற்றிலும் கடிகாரம் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். "11.42க்குக் கட் ஆச்சு" என்று ஒருவர் சொல்லும்போது சர்வர் லாகில் 11.42 என்பது வேறு நிமிடமாக இருந்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரத்தை ஒன்றாக்கும் முறை) போட்டு ஒத்திசைத்த பிறகே மற்ற வேலை.

கடைசியாக, உரிமையாளரிடம் அனுமதி. "இந்த ஞாயிறு காலை நானே கேபிளைப் பிடுங்குவேன், சர்வரை அணைப்பேன்" என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். அனுமதி இல்லாமல் எட்டாவது பகுதியை யாரும் முழு மனதாகச் செய்வதில்லை. முழுச் சோதனையிலும் அதிகப் பலன் தருவது அந்தப் பகுதிதான்.

2. தேர்ச்சி மதிப்பெண்ணை முதலில் எழுதுங்கள்

எது நடந்தால் பாஸ், எது நடந்தால் ஃபெயில் என்பதைச் சோதனைக்கு முன்பே தாளில் எழுதிவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எழுதினால், களைப்பில் "இவ்வளவு பரவாயில்லை" என்று மனசு இறங்கிவிடும்.

குரலுக்கு மூன்று எண்கள். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகும் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும். இது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரையில் உள்ள அளவு. ஜிட்டர் (பாக்கெட்டுகள் வந்து சேரும் இடைவெளியின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிநொடிக்குள், பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள். கடைசி இரண்டும் தொழிலில் எல்லோரும் பின்பற்றும் அளவுகள். உள் நெட்வொர்க்கில் இழப்பு சுழியமாகவே இருக்க வேண்டும். ஒரே கட்டடத்துக்குள் 0.5 சதவீதம் வந்தாலும் எங்கோ கேபிளோ போர்ட்டோ கெட்டிருக்கிறது.

நம்பகத்தன்மைக்கு இன்னொரு எண் வேண்டும்: விழுந்தால் எத்தனை நிமிடத்தில் எழ வேண்டும்? 99.9 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது எளிது. அதன் பொருள் வருடத்தில் கிட்டத்தட்ட 8 மணி 45 நிமிடம் நின்றுபோகலாம் என்பது. 99.99 என்றால் சுமார் 53 நிமிடம். இதை உரிமையாளரிடம் மணிக்கணக்கில் சொல்லுங்கள். சதவீதத்துக்குத் தலையாட்டுபவர்கள் மணிக்கணக்கைக் கேட்டதும் தேவையைத் தெளிவாகச் சொல்வார்கள்.

3. கரண்டும் கேபிளும்

ஐபி போனுக்கு கரண்ட் பெரும்பாலும் சுவிட்ச்சிலிருந்து கேபிள் வழியாகவே போகிறது. 802.3ஏஎஃப் வகை போர்ட் ஒன்று 15.4 வாட் வரை தரும். ஆனால் 24 போர்ட்டுக்கும் சேர்த்து சுவிட்ச் எவ்வளவு தரும் என்பது வேறு கணக்கு. எல்லா போனையும் மாட்டி, எல்லாத் திரையும் எரியும் நிலையில் சுவிட்ச்சின் மொத்த வாட் கணக்கைப் பாருங்கள். பாதி போனை மாட்டிச் சோதித்தால் இந்தக் குறை தெரியாது.

யூபிஎஸ்ஸில் சர்வரை மாட்டிவிட்டு சுவிட்ச்சை நேரடி லைனில் விட்டிருப்பார்கள். அல்லது இன்டர்நெட் ஃபைபர் வந்து சேரும் சிறிய பெட்டி யாரும் பார்க்காத மூலையில் சாதாரண பிளக்கில் இருக்கும். மெயின் சுவிட்ச்சை அணைத்துவிட்டு ஒரு அழைப்பில் பேசிக்கொண்டே கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். எந்த விளக்கு அணைந்ததோ அதுதான் உங்கள் பலவீனமான இடம்.

கேபிளுக்கு, சுவிட்ச்சின் போர்ட் கணக்கைப் பாருங்கள். சிஆர்சி பிழை (சிதைந்து வந்த டேட்டா) எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் அந்தக் கேபிளை மாற்றுங்கள். காரணம் தேடி நேரம் செலவழிக்க வேண்டாம்.

4. அழைப்பு போடாமலே நெட்வொர்க்கை அளப்பது

பிங் போட்டு "8 மில்லிநொடி வருது, சூப்பர்" என்று முடித்துவிடாதீர்கள். பிங் நொடிக்கு ஒரு பாக்கெட்தான் அனுப்புகிறது. குரல் நொடிக்கு 50 பாக்கெட் அனுப்புகிறது, 20 மில்லிநொடிக்கு ஒன்று. நடுவில் 200 மில்லிநொடி லைன் நின்றால் பிங் அதைப் பார்க்காமலே போய்விடலாம். குரலில் பத்து பாக்கெட் போய்விடும், ஒரு வார்த்தை காணாமல் போகும்.

நெட்வொர்க்கை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியில் யுடிபி முறையில் (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் பாக்கெட் அனுப்பும் முறை, குரலும் இதில்தான் போகிறது), பாக்கெட் அளவை 172 பைட் என்று வைத்து, இரு திசையிலும் ஓட்டுங்கள். 20 மில்லிநொடிக் குரலின் 160 பைட்டும் ஆர்டிபி (குரல் பாக்கெட்டின் வடிவ விதி) தலைப்பின் 12 பைட்டும் சேர்ந்தது இந்த எண். குரல் போகும் அதே வடிவத்தில் பாக்கெட் போனால்தான் குரலுக்கு நடப்பது தெரியும்.

லைனின் அகலம் (பேண்ட்வித்) எவ்வளவு வேண்டும்? ஜி.711 கோடெக்கில் ஒரு அழைப்பு ஈதர்நெட்டில் ஒரு திசைக்குச் சுமார் 87 கிலோபிட் எடுக்கும். 30 அழைப்புக்கு 2.6 மெகாபிட். 100 மெகாபிட் லைனில் இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அதனால் "லைனைப் பெரிதாக்குங்கள்" என்ற ஆலோசனை பெரும்பாலும் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை. கோளாறு வரிசையில் இருக்கிறது. அக்கவுண்ட்ஸில் ஒருவர் பெரிய ஃபைலை அப்லோட் செய்யும்போது குரல் பாக்கெட் அதன் பின்னால் க்யூவில் நிற்கிறது.

ஆகவே அளவீட்டை இரண்டு முறை செய்யுங்கள். லைன் சும்மா இருக்கும்போது ஒருமுறை, வேறொரு கணினியிலிருந்து பெரிய ஃபைல் ஒன்றை அப்லோட் செய்துகொண்டே ஒருமுறை. இரண்டாவதில் ஜிட்டர் எகிறினால் ரௌட்டரில் குரலுக்கு முன்னுரிமை சரியாகப் போடவில்லை என்று பொருள்.

முன்னுரிமைக்கு டிஎஸ்சிபி 46 என்ற அடையாளம் ஒவ்வொரு குரல் பாக்கெட்டிலும் இருக்க வேண்டும். போனில் போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பாக்கெட் போய்ச் சேரும் முனையில் வயர்ஷார்க்கில் திறந்து பாருங்கள். நடுவில் ஒரு சுவிட்ச் அதை 0 ஆக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பொது இன்டர்நெட்டில் இந்த அடையாளத்தை நம்ப முடியாது. நம் கட்டுப்பாடு நம் ரௌட்டரோடு முடிகிறது.

5. ஒற்றை அழைப்பு, எல்லாத் திசையிலும்

அட்டவணை ஒன்று போடுங்கள். இடதுபுறம் அழைப்பவர், மேலே அழைக்கப்படுபவர்: கோவை மேசை, திருப்பூர் மேசை, செல்போன் ஆப், வெளி செல்போன், வெளி லேண்ட்லைன். ஒவ்வொரு கட்டத்திலும் இரு பக்கமும் கேட்கிறதா என்று தனித்தனியாகக் குறியுங்கள். "கேட்குது" என்ற ஒரே டிக் போதாது. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் கோளாறு ஐபி போனில் மிகச் சாதாரணம். அதுவும் ஒரு திசையில் அழைத்தால் சரியாக இருக்கும், மறுதிசையில் அழைத்தால் வரும்.

அழைப்பு இணைகிறது, குரல் ஒரு பக்கம் இல்லை என்றால் முதலில் ரௌட்டரில் சிப் ஏஎல்ஜி என்ற வசதி ஆனில் இருக்கிறதா பாருங்கள். சிப் செய்திக்குள் இருக்கும் முகவரியை அது தானாகத் திருத்தப் பார்க்கும், பாதி திருத்திவிட்டுக் கெடுக்கும். அதை அணைத்துவிட்டு, பிபிஎக்ஸில் வெளி ஐபி முகவரி சரியாக இருக்கிறதா, ஆர்டிபி போர்ட்டுகள் ஃபயர்வாலில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்டரிஸ்க்கில் அவை வழக்கமாக யுடிபி 10000 முதல் 20000 வரை.

எண்களை எப்படியெல்லாம் அடிப்பார்கள் என்பதையும் சோதியுங்கள். லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு அடிக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் நடைமுறை. ஆனால் ஆப்பில் இருக்கும் கான்டாக்ட் +91 என்று தொடங்கும், சிலர் வெறும் பத்து இலக்கம் அடிப்பார்கள். மூன்று வடிவமும் போக வேண்டும். அப்படியே 0422 (கோவை), 0421 (திருப்பூர்) எண்கள், 1800 இலவச எண்கள்.

வங்கியின் தானியங்கிக் குரலுக்கு அழைத்து 1, 2 என்று அழுத்திப் பாருங்கள். அது நகரவில்லை என்றால் டிடிஎம்எஃப் (பொத்தான் அழுத்தும் ஒலி) அனுப்பும் முறை பொருந்தவில்லை. பொத்தான் ஒலியைக் குரலோடு கலந்து அனுப்பினால் ஜி.729 போன்ற சுருக்கும் கோடெக்கில் அது சிதைந்துவிடும். தனிச் செய்தியாக அனுப்பும் ஆர்எஃப்சி 4733 முறைக்கு இரு முனையிலும் மாற்றுங்கள்.

ஹோல்ட், டிரான்ஸ்ஃபர், மூன்று பேர் பேச்சு, வாய்ஸ்மெயில் ஆகியவற்றை வெளி அழைப்பை வைத்தே சோதியுங்கள். உள் அழைப்பில் டிரான்ஸ்ஃபர் நன்றாக வேலை செய்து, வெளி அழைப்பில் குரல் மறைந்துபோகும் அமைப்புகள் நிறைய.

6. நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் கோளாறுகள்

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். அவர்கள் போடும் அழைப்பு பத்து நொடியில் முடிந்துவிடுகிறது. வாடிக்கையாளர் பேசுவது அரை மணி நேரம். ஆகவே ஒரு அழைப்பை 40 நிமிடம் ஓடவிடுங்கள், உள்வரவு ஒன்று, வெளியே போவது ஒன்று. ஒரு முனையில் ரேடியோவை வைத்துவிட்டால் போதும், நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டியதில்லை.

எப்போது கட் ஆகிறது என்பதை நொடிக்கணக்கில் எழுதுங்கள். நேரமே காரணத்தைச் சொல்லிவிடும்.

சரியாக 32 நொடியில் கட் ஆனால், அழைப்பை எடுத்த முனை "எடுத்துவிட்டேன்" என்று சொன்னதற்கு மறுபக்கத்திலிருந்து ஏசிகே என்ற ஒப்புகை வரவில்லை. சிப் விதிப்படி அரை நொடியின் 64 மடங்கு காத்திருந்துவிட்டு அது அழைப்பை முடித்துவிடும். அதுவே 32 நொடி. பேசுபவர்களுக்கு இருபக்கமும் நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும் என்பதால் லைன் மேல் சந்தேகம் வரும். பார்க்க வேண்டியது, வெளியே போகும் செய்தியில் உள் நெட்வொர்க்கின் 192.168 முகவரி இருக்கிறதா என்பதை.

15 நிமிடத்திலோ 30 நிமிடத்தை ஒட்டியோ கட் ஆனால் அது செஷன் டைமர். வழக்கமான அளவு 1800 நொடி. பாதி நேரத்தில், அதாவது 900-ஆவது நொடியில், "இன்னும் இருக்கிறாயா" என்று ஒரு புதுப்பிப்புச் செய்தி போகும். அதை ஃபயர்வாலோ மறுமுனையோ ஏற்கவில்லை என்றால் அழைப்பு போய்விடும். ட்ரங்க் நிறுவனத்தோடு பேசி இரு பக்கமும் ஒரே முறையில் வைக்க வேண்டும்.

மியூட்டில் போட்டால் கட் ஆகிறதா? மியூட்டில் சில போன்கள் பாக்கெட் அனுப்புவதையே நிறுத்திவிடும். சர்வர் லைன் செத்துவிட்டது என்று நினைத்து வெட்டிவிடும். மீட்டிங்கில் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவருக்கு இது நடக்கும். ஐந்து நிமிடம் மியூட், ஐந்து நிமிடம் ஹோல்ட், இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இன்னொன்று அழைப்பே இல்லாத நேரத்தில் நடப்பது. போனை ஒரு மணி நேரம் தொடாமல் விட்டுவிட்டு வெளியிலிருந்து அதற்கு அடியுங்கள். ரிங் போகவில்லை, ஆனால் அந்த போனிலிருந்து வெளியே அடித்தால் போகிறது, அதன் பின் சற்று நேரம் உள்வரவும் வருகிறது என்றால், ரௌட்டர் அந்த போனுக்கான வழியை மறந்துவிட்டது. சில ரௌட்டர்கள் சும்மா இருக்கும் யுடிபி வழியை 30 நொடியிலேயே மூடிவிடும். போன் அதைவிடக் குறைந்த இடைவெளியில் ஒரு சிறு செய்தி அனுப்பும்படி வையுங்கள். கிளை அலுவலகத்திலும் வீட்டிலிருந்து வேலை செய்பவரிடமும் இது கட்டாயம்.

7. சுமை ஏற்றுவது

முதலில் உண்மையான தேவை எவ்வளவு என்று கணக்கிடுங்கள். பழைய பில்லிலிருந்து அதிக நெரிசலான ஒரு மணி நேரத்தை எடுங்கள். அந்த ஒரு மணியில் 120 வெளி அழைப்பு, சராசரி 3 நிமிடம் என்றால் 360 நிமிடம். 60-ஆல் வகுத்தால் 6 எர்லாங், அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் 6 அழைப்பு. நூறில் ஒரு அழைப்புக்கு மேல் இடமில்லாமல் திரும்பக் கூடாது என்றால் எர்லாங் பி அட்டவணைப்படி 13 சானல் வேண்டும். இருப்பதோ 30. ஆகவே 13-இல் ஒருமுறை, 26-இல் ஒருமுறை, 30-இல் ஒருமுறை சோதியுங்கள்.

31-ஆவது அழைப்புக்கு என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். எங்கேஜ் டோன் வந்தால் சரி. எதுவும் கேட்காமல் அமைதியாக நின்றால் தவறு, அழைப்பவர் போன் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

சுமைக்கு சிப்-பி என்ற திறந்த மூலக் கருவி இருக்கிறது. இங்கே ஒரு பொதுவான தவறு நடக்கும். வெறுமனே ஓட்டினால் அது அழைப்பை இணைக்கும் செய்திகளை மட்டுமே அனுப்பும், குரல் இருக்காது. சர்வர் ஜாலியாக இருப்பது போல் தெரியும். பதிவு செய்த குரல் பாக்கெட்டுகளையும் சேர்த்து அனுப்பும் முறையில் ஓட்டுங்கள். கால் ரெக்கார்டிங் ஆனில் இருக்கட்டும். கோடெக் மாற்றம் நடக்கும் அழைப்புகளும் இருக்கட்டும். சர்வரின் உழைப்பைத் தின்பவை இந்த இரண்டும்தான்.

சுமை ஓடும்போது நீங்கள் ஒரு உண்மையான அழைப்பில் இருங்கள். கருவி "எல்லாம் பாஸ்" என்று காட்டும் நேரத்தில் உங்கள் காதில் குரல் கரகரத்தால் காதை நம்புங்கள்.

ட்ரங்க் வழியாகச் சுமை ஏற்றுவதானால் அந்த நிறுவனத்திடம் முன்பே சொல்லுங்கள். சொல்லாமல் திடீரென அழைப்புகளைக் கொட்டினால் மோசடி என்று நினைத்து லைனை நிறுத்திவிடலாம். அவர்களுக்குச் சம்மதமில்லை என்றால் இன்னொரு பிபிஎக்ஸை ட்ரங்க் போல நிறுத்தி உள்ளேயே சோதியுங்கள்.

8. வேண்டுமென்றே உடைப்பது

நீங்கள் தேர்ந்தெடுத்த நாளில், கடிகாரம் கையில் இருக்க, ஒவ்வொன்றாக உடையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை உடைக்காதீர்கள், எது எதனால் வந்தது என்று தெரியாமல் போகும். ஒவ்வொன்றிலும் மூன்று நேரத்தை எழுதுங்கள்: எப்போது விழுந்தது, எப்போது எழுந்தது, பழைய நிலைக்குத் திருப்பியபோது மறுபடி எவ்வளவு நேரம் நின்றது. மூன்றாவதை யாரும் அளப்பதில்லை. மாற்று லைனுக்கு அழகாகப் போய்விட்டு, மூல லைனுக்குத் திரும்பும்போது பத்து நிமிடம் தடுமாறும் அமைப்புகள் உண்டு.

முதல் இன்டர்நெட் லைனைப் பிடுங்குங்கள். இரண்டாவது லைனுக்கு மாறும், வெப்சைட் திறக்கும், ஆனால் வெளி அழைப்பு போகாமல் இருக்கலாம். இரண்டாவது லைனின் பொது ஐபி வேறு. ட்ரங்க் நிறுவனத்திடம் முதல் ஐபி மட்டுமே பதிவாகியிருக்கும், புதிய முகவரியிலிருந்து வருவதை அவர்கள் ஏற்க மாட்டார்கள். இரண்டு ஐபியையும் முன்பே கொடுத்து வையுங்கள். அப்படியே வெளியே போய் இரண்டு ஃபைபரும் எந்த வழியாக வருகின்றன என்று பாருங்கள். இரண்டு வெவ்வேறு நிறுவனத்தின் கேபிளும் ஒரே கம்பத்தில் தொங்கினால், ஒரு லாரி உரசினால் இரண்டும் போகும்.

இரண்டு லைனையும் பிடுங்குங்கள். கோவைக்குள் எக்ஸ்டென்ஷன் விட்டு எக்ஸ்டென்ஷன் பேச முடிகிறதா? முடிய வேண்டும். சில அமைப்புகளில் டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) கிடைக்காமல் சர்வர் காத்துக்கொண்டே நின்று, உள் அழைப்பும் செத்துப்போகும். உள்ளேயே ஒரு டிஎன்எஸ் வைத்தால் தீரும்.

அப்புறம் லைனைப் பாதி கெடுங்கள். நிஜ வாழ்க்கையில் லைன் முழுதாகச் சாவதைவிட இழுத்துக்கொண்டிருப்பதே அதிகம். லினக்ஸில் உள்ள நெட்எம் வசதியால் 5 சதவீத இழப்பும் 200 மில்லிநொடித் தாமதமும் செயற்கையாகச் சேர்க்கலாம். லைன் "இருக்கிறது" என்பதால் ரௌட்டர் மாறாமலே நிற்கும், குரல் மட்டும் நாறிப்போகும். எந்த அளவு கெட்டால் மாற வேண்டும் என்பதை ரௌட்டரில் எண்ணாகப் போடுங்கள்.

சர்வரின் பவர் கேபிளைப் பிடுங்குங்கள். ஒழுங்காக ஷட்டவுன் செய்து பார்ப்பது இந்தச் சோதனை ஆகாது. திரும்ப மாட்டியதும் யாரும் தொடாமல் எல்லாச் சேவையும் எழ வேண்டும். மாற்று சர்வர் இருந்தால் போன்கள் அதற்குப் போக எவ்வளவு நேரம் என்று பாருங்கள். போனின் பதிவுக் காலம் (தான் இருப்பதைச் சர்வரிடம் மறுபடி சொல்லும் இடைவெளி) 3600 நொடி என்று இருந்தால், புதிய சர்வருக்குப் பல போன்கள் ஒரு மணி நேரம் வரை தெரியவே தெரியாது. வெளியே அடிக்க முடியும், உள்ளே வராது. 120 முதல் 300 நொடிக்குக் குறையுங்கள்.

ரெக்கார்டிங் சேமிக்கும் டிஸ்க்கை வெற்று ஃபைல்களால் நிரப்புங்கள். ரெக்கார்டிங் நிற்கலாம், அழைப்பு நிற்கக் கூடாது.

கடைசியாகக் கிளையின் மொத்தக் கரண்டையும் அணைத்துப் போடுங்கள். இதில் நான் கற்ற ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கிளையில் கரண்டைப் போட்டதும் 14 போனும் வரிசையாக எழுந்தன, பதிவாயின. பச்சை விளக்கைப் பார்த்து நிம்மதியாகி டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் பதினான்கும் செத்துக் கிடந்தன. இன்டர்நெட் ஓடிக்கொண்டிருந்தது, சர்வரும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் தேடிய பிறகு கிடைத்தது: ஸ்டோர் ரூம் அலமாரியின் மேல் பழைய போன் ஒன்று, ஊழியர் மாறியபோது பாஸ்வேர்டு மாற்றாமல் விட்டது. கரண்ட் வந்ததும் அது பழைய பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறது. சர்வரில் இருந்த ஃபெயில்2பேன் என்ற பாதுகாப்பு மென்பொருள் அதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு, கிளையின் பொது ஐபியையே தடை செய்துவிட்டது. ஒரு போன் செய்த தவறுக்குக் கிளையே இருண்டுபோனது. அன்றிலிருந்து எந்த இடத்திலும் கிளை ஐபிகளை விலக்குப் பட்டியலில் போடாமல் நான் வெளியே வருவதில்லை.

9. மொபைல் ஆப்பும் வீடியோவும்

ஆண்ட்ராய்டு போனைப் பூட்டி, அரை மணி நேரம் மேசையில் வைத்துவிட்டு அதற்கு அடியுங்கள். பேட்டரி சேமிப்பு வசதி ஆப்பைத் தூங்க வைத்திருந்தால் ரிங் வராது. ஆப் திறந்திருக்கும்போது மட்டும் சோதித்தால் இது தெரியாது. வெவ்வேறு கம்பெனி போன்களில் பாருங்கள், ஒவ்வொன்றிலும் இந்த அமைப்பு ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது.

பேசிக்கொண்டே அலுவலகத்தைவிட்டு வெளியே நடந்து வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். இரண்டு மூன்று நொடி இடைவெளி ஏற்கலாம், கட் ஆவதை ஏற்க முடியாது.

வீடியோவுக்கு, எத்தனை பேர் உண்மையில் உட்காருவார்களோ அத்தனை பேருடன் ஒரு மணி நேரம், அலுவலக நேரத்திலேயே.

10. அவசர எண்கள்

திருப்பூர் கிளையிலிருந்து 108 அடித்தால் அந்த அழைப்பு எங்கிருந்து வெளியேறும்? ட்ரங்க் கோவையில் இருப்பதால் 0422 எண்ணாகப் போகும். பேச முடியாத நிலையில் ஒருவர் அடித்தால் ஆம்புலன்ஸ் தேடும் ஊரே தவறாகிவிடும்.

இதைச் சோதிக்க 108-க்கோ 112-க்கோ சும்மா அடிக்காதீர்கள், உயிருக்குப் போராடும் யாருடைய இடத்தையோ பிடித்துக்கொள்வீர்கள். அவசர எண்ணுக்குப் போட்ட அதே வழியில் உங்கள் செல்போன் எண்ணைத் தற்காலிகமாக வைத்து, என்ன எண் தெரிகிறது என்று பாருங்கள். கிளையில் ஒரு உள்ளூர் லைனோ சிம் கேட்வேயோ (சிம் கார்டு வழியாக அழைப்பை வெளியே அனுப்பும் பெட்டி) வைத்து, அவசர எண்கள் மட்டும் அதன் வழியாகப் போகும்படி செய்யுங்கள். இந்தச் செலவைத் தள்ளிப்போட ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளியே போக 9 அழுத்தும் பழக்கம் இருந்தால், 9 போட்டும் போடாமலும் இந்த எண்கள் போக வேண்டும்.

11. ஒரு வாரம் வெள்ளோட்டம்

பத்து பேரைத் தேர்ந்தெடுங்கள். ரிசப்ஷன், டிஸ்பாட்ச், அக்கவுண்ட்ஸ் கட்டாயம் இருக்கட்டும். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை மட்டும் எடுக்காதீர்கள், அவர்கள் கோளாறைத் தாங்களே சமாளித்துக்கொண்டு சொல்லாமல் விடுவார்கள். பழைய லைனும் அந்த வாரம் உயிரோடு இருக்கட்டும்.

ஒவ்வொரு மேசையிலும் ஒரு தாள்: நேரம், எந்த எண், என்ன கேட்டது. அவர்கள் சொல்லும் வார்த்தையை அப்படியே எழுதச் சொல்லுங்கள், நீங்கள் தொழில் வார்த்தையாக மாற்றாதீர்கள். அவர்கள் வார்த்தையில்தான் துப்பு இருக்கிறது. "விட்டு விட்டுக் கேட்குது" என்றால் இழப்பு அல்லது ஜிட்டர். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசிக்கிறோம்" என்றால் தாமதம். "என் குரலே எனக்குத் திரும்பக் கேட்குது" என்றால் எதிரொலி, பெரும்பாலும் மறுமுனையின் ஸ்பீக்கரோ அனலாக் லைனோ காரணம். "அவர் பேசுறது கேட்குது, நான் பேசுறது அவருக்குக் கேட்கலை" என்றால் ஐந்தாவது பகுதிக்குத் திரும்புங்கள்.

புகார் வந்த அழைப்பை சர்வர் பக்கத்தில் மட்டும் பிடித்துப் பார்க்காதீர்கள். சர்வருக்கு வந்து சேர்ந்தது மட்டுமே அங்கே தெரியும், போனுக்குப் போய்ச் சேர்ந்தது தெரியாது. போன் மாட்டியிருக்கும் சுவிட்ச் போர்ட்டையும் மிரர் செய்து இரு முனையிலும் பிடியுங்கள். வயர்ஷார்க்கின் டெலிஃபோனி மெனுவில் ஆர்டிபி ஸ்ட்ரீம்களை ஒப்பிட்டால் பாக்கெட் எந்தப் பாதியில் தொலைந்தது என்று தெரிந்துவிடும்.

12. ஒப்படைக்கும்போது

சோதனைத் தாள்களின் நகலைக் கொடுங்கள், ஃபெயில் ஆகித் திருத்தியவை உட்பட. அடுத்து வரும் பொறியாளருக்குப் பாஸ் ஆனவற்றைவிட அவைதான் உதவும்.

ஃபர்ம்வேர் மாற்றம், ரௌட்டர் மாற்றம், இன்டர்நெட் கம்பெனி மாற்றம், இந்த மூன்றில் எது நடந்தாலும் 5, 6, 8, 10 ஆகிய பகுதிகளை மறுபடி செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். புது ரௌட்டர் வந்தால் சிப் ஏஎல்ஜி மறுபடி ஆனில் இருக்கும். அழைப்புச் செய்திகளை மறையாக்கம் செய்ய டிஎல்எஸ் சான்றிதழ் பயன்படுத்தினால் அது காலாவதியாகும் தேதியையும், ஒரு மாதம் முன்பே நினைவூட்ட ஒரு ஆளையும் குறித்துக் கொடுங்கள்.

ரிசப்ஷன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். போன் எல்லாம் நின்றால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், வாடிக்கையாளர் அழைப்பை எந்தச் செல்போனுக்குத் திருப்ப வேண்டும், ட்ரங்க் நிறுவனத்திடம் சொல்ல வேண்டிய வாடிக்கையாளர் எண் என்ன என்ற மூன்று வரி போதும். பெரிய எழுத்தில், தமிழில். ஒட்டிய பிறகு, அந்த மேசையில் இருப்பவரையே அதைப் படித்து ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.